யார் வந்தார்கள் என்று கேட்பதை விட்டு, யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இந்த வருஷம் நம்ம வருஷம்" என்பது ஒரு கட்சி. "இந்தத் தடவையும் ஒன்றும் தேறாது" என்பது இன்னொன்று. ஒரே கிளப்பை ஆதரிப்பவர்களுக்குள்ளேயே, ஒரே குடும்பத்துக்குள்ளேயே இந்தப் பிளவு உண்டு. ஆனால் இரண்டு கட்சியும் தங்கள் முடிவுக்கு வந்து சேர்ந்த வழியைக் கவனித்தால், இருவரும் ஒரே இடத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள் என்பது தெரியும். கோடையில் யாரை வாங்கினார்கள், யாரை விற்றார்கள், மேனேஜர் மாறினாரா? வாங்கினால் நம்பிக்கை, வாங்காவிட்டால் அவநம்பிக்கை. பிரீமியர் லீக்கின் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஒரு சீசனின் போக்கைக் கோடையில் மாறியவற்றைவிட, மாறாமல் நின்றவைதான் அதிகம் தீர்மானித்திருக்கின்றன. நம்புவதற்கும் பயப்படுவதற்கும் உரிய காரணங்கள் அங்கேதான் இருக்கின்றன என்பது என் வாதம்.

2021-ஆம் ஆண்டுக் கோடையை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டர் யுனைடெட் அதற்கு முந்தைய சீசனை 74 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தில் முடித்திருந்தது. கோடையில் ஜேடன் சாஞ்சோ வந்தார். ரியல் மாட்ரிட்டில் நான்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும், பிரான்சுக்காக 2018 உலகக் கோப்பையும் வென்ற ரஃபேல் வரான் வந்தார். ஆகஸ்ட் கடைசியில் கிறிஸ்டியானோ ரொனால்டோவே திரும்பி வந்தார். முதல் ஆட்டத்தில் லீட்ஸ் அணியை 5-1 என்று வீழ்த்தியாயிற்று. ரொனால்டோ தன் மறுவருகை ஆட்டத்தில் நியூகாசிலுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். சர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்ற பிறகு அந்த ரசிகர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை தந்த கோடை வேறு இல்லை என்றே சொல்லலாம். அக்டோபரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5 தோல்வி. நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 1-4 என்று தோற்றதும் மேனேஜர் சோல்ஷேர் நீக்கப்பட்டார். கடைசியில் ஆறாம் இடம், 58 புள்ளிகள், போட்ட கோல் 57, வாங்கிய கோலும் 57. ரொனால்டோ சும்மா இருந்துவிடவில்லை, லீக்கில் மட்டும் 18 கோல் அடித்தார். அப்படியும் அணி முந்தைய ஆண்டைவிட 16 புள்ளி கீழே போனது.

அதே கோடையில் ஆர்சனலின் நிலைமை நேர்எதிர். தொடர்ந்து இரண்டு சீசன் எட்டாம் இடம். வாங்கிய ஆறு பேருமே 23 வயதோ அதற்குக் குறைவோ: பென் ஒயிட், ஓடகார்ட், ராம்ஸ்டேல், டொமியாசு, லொகொங்கா, டவாரெஸ். இத்தனை பணத்தை இந்தப் பிள்ளைகள் மேலா கொட்டுவது என்று ரசிகர்களே கொதித்தார்கள். அவர்களுக்கு வலுச் சேர்ப்பதுபோல முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிரென்ட்ஃபோர்டிடம் 0-2, செல்சியிடம் 0-2, மான்செஸ்டர் சிட்டியிடம் 0-5. ஒரு கோல்கூட இல்லாமல், ஒரு புள்ளிகூட இல்லாமல் பட்டியலில் கடைசி இடம். மிக்கேல் ஆர்டேட்டாவை அனுப்பிவிட வேண்டும் என்ற குரல் எங்கும் கேட்டது. அந்த அணி அந்த சீசனை யுனைடெட்டுக்கு 11 புள்ளி மேலே, 69 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டு 84 புள்ளி, அதற்கடுத்த ஆண்டு 89 புள்ளி, இரண்டு முறையும் இரண்டாம் இடம்.

இதை ஆகஸ்டிலேயே யாராவது ஊகித்திருக்க முடியுமா? கோப்பைக்குப் போட்டியிடும் என்பதை ஊகித்திருக்க முடியாது. ஆனால் அவநம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்பதைப் பார்த்திருக்க முடியும். 2020 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆர்சனல் 14 ஆட்டங்களில் 14 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் கிடந்தது. அந்த சீசனை 61 புள்ளிகளில் முடித்தது. அதாவது மீதி 24 ஆட்டங்களில் 47 புள்ளிகள். அந்த வேகத்தை 38 ஆட்டத்துக்கு நீட்டினால் 74 புள்ளி வருகிறது. யுனைடெட் இரண்டாம் இடம் பிடித்த அதே எண்ணிக்கை! புகாயோ சாகாவும் எமில் ஸ்மித் ரோவும் கிளப்பின் சொந்த அகாடமியிலிருந்து வந்து அணியில் வேரூன்றிவிட்டிருந்தார்கள். ஓடகார்டேகூடப் புதியவர் அல்ல, அந்த அரை சீசனை ஆர்சனலில் கடனாக வந்து ஆடியவர். மேனேஜர் மாறவில்லை. எட்டாம் இடம் என்ற ஒற்றை வரி இவை அனைத்தையும் மறைத்துவிட்டது.

லெஸ்டர் சிட்டியின் 2015-16 கதையை எல்லோரும் அதிசயமாகவே சொல்கிறார்கள். 5000-க்கு 1 என்று பந்தய நிறுவனங்கள் விலை வைத்த அணி 81 புள்ளிகளோடு, இரண்டாம் இடத்துக்குப் பத்துப் புள்ளி முன்னால் பட்டம் வென்றது அதிசயம்தான், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கோடையில் லெஸ்டர் ரசிகர்கள் எதைக் கண்டு கலங்கினார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அணியைக் காப்பாற்றிய நைஜல் பியர்சனை ஜூனில் நீக்கிவிட்டு, கிரீஸ் தேசிய அணியோடு ஃபாரோ தீவுகளிடம் தோற்றுப் பதவி இழந்திருந்த கிளாடியோ ரனியேரியைக் கொண்டுவந்தார்கள். கண்ணில் பட்டது அந்த மாற்றம். கண்ணில் படாமல் இருந்தது வேறு. ஏப்ரல் தொடக்கத்தில் 29 ஆட்டங்களில் 19 புள்ளியோடு கடைசி இடத்தில் இருந்த அதே அணி, மிச்சமிருந்த ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று 41 புள்ளிகளோடு தப்பியிருந்தது. வார்டி, மாஹ்ரெஸ், மார்கன், ஷ்மைக்கேல் எல்லோரும் இருந்தார்கள். உதவிப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும், திறமைகளைத் தேடிப் பிடித்த ஸ்டீவ் வால்ஷும் தொடர்ந்தார்கள். ரனியேரியின் பெருந்தன்மை என்று நான் கருதுவது, ஓடிக்கொண்டிருந்ததைக் கலைக்காமல் விட்டதுதான். புதிதாக வந்த காண்டே அந்த அடித்தளத்தின் மேல் வந்து நின்றவர்.

2024 கோடையில் லிவர்பூலுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. யூர்கன் குளோப் போய்விட்டார். ஆர்னே ஸ்லாட் நெதர்லாந்திலிருந்து வந்தார். மிகவும் விரும்பிய மிட்ஃபீல்டர் சுபிமெண்டி வர மறுத்து ரியல் சோசியடாடிலேயே தங்கிவிட்டார். உடனடியாக அணியில் சேர்ந்த ஒரே புது ஆட்டக்காரர் ஃபெடெரிகோ கியேசா, அவரும் லீக்கில் மிகக் குறைவாகவே களமிறங்கினார். இப்படி ஒரு கோடைக்குப் பிறகு பட்டத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் முந்தைய ஆண்டு 82 புள்ளி எடுத்த அணி அப்படியே இருந்தது. சாலா, வான் டைக், அலிசன் இருந்தார்கள். ஏற்கெனவே கையில் இருந்த கிராவன்பெர்கை ஸ்லாட் சற்றுப் பின்னால் நிறுத்தி, வாங்க முடியாமல் போன மிட்ஃபீல்டரின் இடத்தை நிரப்பினார். சாலா 29 கோல் அடித்தார், 18 கோலுக்கு வழிசெய்தார். நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே பட்டம் கைக்கு வந்துவிட்டது.

ரசிகர்களின் கண் ஏன் மாற்றத்தின் மேலேயே போகிறது? ஜூன், ஜூலை மாதங்களில் பார்க்க வேறு எதுவும் இல்லை என்பதே முதல் காரணம். ஆட்டம் கிடையாது, பட்டியல் கிடையாது. செய்தி என்று வருவது டிரான்ஸ்ஃபர் மட்டுமே. ஒரு வலது பின்கள ஆட்டக்காரர் தன் பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வருடமாகப் பழகி, திரும்பிப் பார்க்காமலேயே பந்தைத் தள்ளக் கற்றிருக்கிறார் என்பது செய்தியாக வராது. இன்னொன்று, வாங்குவது என்பது கிளப் நிர்வாகம் ரசிகனுக்குக் காட்டும் அக்கறையின் அடையாளமாகிவிட்டது. பணம் செலவழித்தால் முதலாளிக்கு நம் மேல் மதிப்பு உண்டு, செலவழிக்காவிட்டால் இல்லை. இது உணர்வாகப் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் புள்ளிப் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மெலிதானது. சைமன் கூப்பரும் பொருளியலாளர் ஸ்டீபன் ஷிமான்ஸ்கியும் எழுதிய "சாக்கர்நாமிக்ஸ்" நூலில் 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கிளப்புகளின் கணக்கு வருகிறது. அணிகளின் இடங்களுக்கிடையே இருந்த வேறுபாட்டில் டிரான்ஸ்ஃபர் செலவால் விளக்க முடிந்தது 16 சதவீதம் மட்டுமே. சம்பளச் செலவால் விளக்க முடிந்தது 92 சதவீதம். சம்பளம் என்பது அணியில் இருக்கும் எல்லோருக்கும் ஆண்டுதோறும் தருவது. யாரை வைத்துக்கொள்ள முடிகிறது என்பதன் அளவுகோல் அது. டிரான்ஸ்ஃபர் தொகை ஒருவர் உள்ளே வரும் நாளில் ஒரு முறை தருவது.

பெரிய ஆட்டக்காரர் ஒருவரால் பட்டம் கிடைத்ததே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2012-இல் ஆர்சனலிலிருந்து ராபின் வான் பெர்சியை யுனைடெட் வாங்கியது. 26 லீக் கோல் போட்டுப் பட்டத்தைத் தூக்கித் தந்தார். ஆனால் அவர் போய்ச் சேர்ந்தது எங்கே? ஃபெர்குசன் கால் நூற்றாண்டாக நடத்திக்கொண்டிருந்த, முந்தைய சீசனில் கோல் வித்தியாசத்தில் மட்டுமே பட்டத்தை இழந்திருந்த ஓர் அணியில். அடித்தளம் கலைந்த இடத்தில் பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் செல்சியின் 2022-23 சீசன் இருக்கிறது. இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்களில் 50 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. டூகெல், பாட்டர், லாம்பார்ட் என்று மேனேஜர்கள் மாறினார்கள். கிடைத்தது 44 புள்ளி, பன்னிரண்டாம் இடம். 2018-இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த ஃபுல்ஹாம் ஒரு டஜன் பேரை 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்த ஒரே சீசனில் மூன்று மேனேஜர்களைப் பார்த்தது. 26 புள்ளியோடு கீழே இறங்கியது.

இதற்கு எதிராக நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை ஒருவர் நிறுத்தலாம், நியாயமான எதிர்வாதம் அது. 23 ஆண்டு கழித்து 2022-இல் மேலே வந்த ஃபாரஸ்ட் ஒரே கோடையில் 20 பேருக்கு மேல் வாங்கியது. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அணியோ தப்பித்தது. ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மேலே ஏற்றிவிட்ட அணியில் முக்கியமான பலர் கடனாக வந்தவர்கள், சீசன் முடிந்ததும் அவரவர் கிளப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அதைவிட முக்கியமானது அக்டோபரில் நடந்தது. அணி கடைசி இடத்தில் கிடந்தபோது மேனேஜர் ஸ்டீவ் கூப்பரை நீக்கப் போகிறார்கள் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கிளப் அவருக்குப் புது ஒப்பந்தம் தந்தது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் மாறிய அணியில் மாறாமல் நின்ற ஒரே தூணை அவர்கள் பிடுங்கவில்லை. 38 புள்ளியில் பிழைத்தார்கள். இந்த விதிவிலக்கும் என் வாதத்தின் பக்கமே சாய்கிறது.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மாறாமல் இருந்தும் அணிகள் சரிந்திருக்கின்றனவே? 2022 கோடையில் லெஸ்டரில் மேலோட்டமாகப் பார்த்தால் பெரிதாக எதுவும் மாறவில்லை. பிரெண்டன் ரோட்ஜர்ஸ் நான்காம் ஆண்டில் இருந்தார். இரண்டு முறை ஐந்தாம் இடம், ஒரு எஃப்.ஏ. கோப்பை, கடைசியாக எட்டாம் இடம் என்று மதிப்பான வரலாறு. ஒன்பது மாதம் கழித்து அந்த அணி 34 புள்ளியோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இது என் வாதத்தை முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. இருப்பவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டீலெமன்ஸ், சோயுன்ஜு, ஜானி எவன்ஸ் ஆகியோரின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடியவிருந்தது. சீசன் முடிந்ததும் ஒரு காசு வரவில்லாமல் கிளம்பிப் போனார்கள். ஷ்மைக்கேல் போன இடத்துக்கு ஈடான கோல்கீப்பர் வரவில்லை. ஃபோஃபானாவைச் செல்சிக்கு விற்றார்கள். வார்டிக்கு 35 வயது. இவை எல்லாமே ஆகஸ்டில் எல்லோருக்கும் தெரிந்த தகவல்கள். அந்த ஆண்டு பயந்திருக்க வேண்டியவர்கள் லெஸ்டர் ரசிகர்களே. ஒப்பந்தத் தேதிகளைப் படித்தவருக்கு அந்தப் பயம் நியாயமாகவே வந்திருக்கும். அவநம்பிக்கை எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

"எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும், அதற்காகவே நான் மோசமாக நினைக்கிறேன்" என்று சொல்லும் ரசிகரிடம் எனக்கு அனுதாபம் உண்டு. ஆண்டுக்கணக்கில் அடிபட்ட மனம் அப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் இந்தக் காப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஆட்டக்காரர்கள் கொடுக்கிறார்கள். 2019 அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் வெளியே அழைக்கப்பட்ட கிரானிட் ஷாக்காவைச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு விரட்டினார்கள். கேப்டன் பதவி போனது. அவர் கதை முடிந்தது என்பதே அன்றைய பொதுத் தீர்ப்பு. ஆர்டேட்டா வந்து அவரைத் தங்கச் சொன்னார். 2022-23-இல் ஆர்சனல் பட்டத்துக்குப் போட்டியிட்டபோது நடுக்களத்தின் முதுகெலும்புகளில் ஒருவர் ஷாக்கா. அடுத்த ஆண்டு லெவர்குசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீக் பட்டத்தை வென்றார். மைதானத்தில் அன்று பேசியது வருமுன் காக்கும் அறிவா, பழைய காயமா? காயம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காயத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு நல்ல ஆட்டக்காரரைக் கிட்டத்தட்ட அழித்தது.

முதலாளிகள் மேல் காட்டும் கோபத்தை இதோடு குழப்பக் கூடாது. 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீகில் சேர்வதாக அறிவித்தபோது ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறு கிளப்பும் பின்வாங்கின. கிளப் மேலானதாக இருக்க முடியும் என்று நம்புகிறவருக்கே அந்தக் கோபம் வரும். எல்லாம் போனது என்று முடிவு கட்டிவிட்டவர் தெருவுக்கு வர மாட்டார். ஆகவே நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதற்கு அவநம்பிக்கை தேவை என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கேள்வி கேட்பவருக்குத் தேவை தகவலும், இதைவிட நன்றாக நடக்க முடியும் என்ற எண்ணமும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம்: நம்பிக்கைக்குக் காரணம் தேடினால் அது கணக்காகிவிடாதா? டாட்டன்ஹாம் 2024-25-இல் லீக்கில் 22 ஆட்டம் தோற்று 17-ஆம் இடத்தில் முடித்தது. அதே சீசனில் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது, 2008-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. எந்தக் கணக்கிலும் இது அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால்பந்தில் ஒரு கோல் போதும், ஒரு இரவு போதும். அதனால்தான் உலகம் இதைப் பார்க்கிறது. ஆனால் ஓர் இரவுக்கான நம்பிக்கை வேறு, 38 ஆட்டத்துக்கான நம்பிக்கை வேறு. முதலாவதற்குக் காரணம் வேண்டாம், அது ரசிகனின் பிறப்புரிமை. இரண்டாவதற்குக் காரணம் வேண்டும், இல்லாவிட்டால் செப்டம்பரில் முதல் இரண்டு தோல்விகளிலேயே அது வெறுப்பாக மாறிவிடும். 2022-இல் யுனைடெட் முதல் இரண்டு ஆட்டங்களில் பிரைட்டனிடமும், 0-4 என்று பிரென்ட்ஃபோர்டிடமும் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது. அந்த சீசனை மூன்றாம் இடத்தில் முடித்தது. இரண்டு ஆட்டத்தில் மனம் உடைந்தவர்கள் அந்த சீசனின் பாதி மகிழ்ச்சியை வீணாக்கிக்கொண்டார்கள்.

ஆகவே அடுத்த ஆகஸ்டில் உங்கள் கிளப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போன சீசனின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் எத்தனை புள்ளி வந்தது? முக்கியமான ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அவர்களுக்கு வயது என்ன? மேனேஜர் மாறினாலும் அவரைச் சுற்றியிருந்த பயிற்சியாளர்கள் இருக்கிறார்களா? சம்பளப் பட்டியலில் உங்கள் கிளப் எத்தனையாவது இடம்? இந்த நான்கும் நன்றாக இருந்தால், கோடையில் ஒருவரையும் வாங்காவிட்டாலும் தைரியமாக நம்புங்கள். நான்கும் மோசமாக இருந்தால் எவ்வளவு பெரிய நட்சத்திரம் வந்து இறங்கினாலும் நிதானமாக இருங்கள். எப்படியானாலும் உங்கள் அணியில் ஏற்கெனவே இருக்கும் அந்த 20 வயதுப் பையனுக்கு, முதல் மூன்று ஆட்டம் தோற்ற பிறகும், கைதட்டத் தயாராக இருங்கள்.